சரோயனை எந்தக் கதையில் தொடங்கலாம்?

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சரோயன் பெயர் நம் ஊரில் தெரிந்தவர்கள், பெரும்பாலும் சிபிஎஸ்இ பதினோராம் வகுப்புத் துணைப்பாடத்தில் ‘தி சம்மர் ஆஃப் தி பியூட்டிஃபுல் வொயிட் ஹார்ஸ்’ என்ற வெள்ளைக் குதிரைக் கதையைப் படித்தவர்கள். பரீட்சையோடு மறந்திருப்பார்கள். 1940-இல் ‘தி டைம் ஆஃப் யுவர் லைஃப்’ நாடகத்துக்கு வந்த, அமெரிக்காவின் பெரிய பரிசான புலிட்சரை, கலைக்கு மதிப்பெண் போட வணிகத்துக்கு என்ன வேலை என்று வேண்டாமென்று சொன்ன ஆள். பின்னாளில் ஆஸ்காரும் வாங்கினார். அமெரிக்காவிலேயே இன்று அவரை அதிகம் பேர் தொடுவதில்லை.

பாதிக் குற்றம் அவருடையதுதான். அள்ளி அள்ளி எழுதினார், திருத்துகிற பொறுமை கிடையாது. 1943-இல் வந்த ‘தி ஹ்யூமன் காமெடி’ நாவலில் அம்மா வாயைத் திறந்தாலே உபதேசம். அதை முதலில் எடுத்தவர் பாதியில் மூடிவைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

குதிரைக் கதையையே மறுபடி எடுங்கள். கதை சொல்லும் சிறுவன் ஆரமுடைய கொஸ்ரோவ் மாமாவுக்கு எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான்: பரவாயில்லை, விட்டுத்தள்ளு. சலூனில் மீசை கத்தரித்துக்கொண்டிருக்கும்போது மகன் ஓடிவந்து வீடு எரிகிறது என்கிறான். அதற்கும் அதே கத்தல். நாம் சிரிக்கிறோம். பிறகு ஜான் பைரோ என்ற விவசாயி வந்து, போன மாதம் களவுபோன தன் குதிரை இன்னும் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார். மாமா அதே தொனியில், குதிரை போனால் என்ன, நாம் எல்லோரும் தாய்நாட்டையே இழக்கவில்லையா என்கிறார். ஒரே வரி. சரோயன் 1908-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் பிறந்தவர். பெற்றோர் இன்றைய துருக்கியிலுள்ள பித்லிஸிலிருந்து வந்த ஆர்மீனியர்கள். 1915-இல் ஓட்டோமான் துருக்கியில் தொடங்கிய ஆர்மீனியப் படுகொலையைப் பற்றி கதையில் வேறு பேச்சே இல்லை. முன்னால் நம்மைச் சிரிக்க வைத்திராவிட்டால் இந்த வரி வெறும் வசனமாகப் போயிருக்கும்.

பைரோ அசீரியர், ஆர்மீனியர்களைப் போலவே மேற்காசியாவில் தாய்நாட்டை இழந்த இனத்தவர்; தனிமை தாங்காமல் ஆர்மீனிய மொழி கற்றுக்கொண்டவர். இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்துப் படிக்கவேண்டியது 1934-இல் வந்த ‘செவன்டி தவுசண்ட் அசீரியன்ஸ்’. ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு அசீரிய இளைஞர், பேச்சு, அவ்வளவுதான் கதை. அதன்பின், குதிரைக் கதை இடம்பெற்ற ‘மை நேம் இஸ் ஆரம்’ தொகுப்பின் மிச்சக் கதைகள். நாடகம் கடைசியில் இருக்கட்டும்.

தமிழில் மொழிபெயர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆரம் பேசுவது சின்னப் பையன் பேச்சு. சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வான். ‘குதிரை’ ஐந்து தடவை வந்தால் ஐந்தும் குதிரையாகவே இருக்கட்டும். நடுவில் ‘புரவி’ போட்டால் பையன் காணாமல் போய் தமிழாசிரியர் வந்து நின்றுவிடுவார்.