10 சதவீதம் மட்டும் கையில் இருந்தால் பத்தாது

"வீட்டு விலையில பத்து பர்சென்ட் சேர்த்தா போதும், மீதியை பேங்க் குடுத்துரும்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். கேரளாவுல பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் முதல் வீடு தேடுறவங்க தயவுசெஞ்சு இதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

30 லட்சம் வரைக்குமான கடனுக்கு வீட்டு மதிப்புல 90 சதவீதம்ங்கிறது ரிசர்வ் வங்கி வச்ச உச்சவரம்பு. அவ்வளவும் கொடுத்தே ஆகணும்னு கிடையாது. விலை 10 லட்சத்தைத் தாண்டினா பத்திரச் செலவும் அந்தக் கணக்குல சேராது. கேரளாவுல முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அப்போ 20 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கைக்காசு 2 இல்லை, 4 லட்சம். பேங்க் மதிப்பீட்டாளர் 18 லட்சம்தான்னு எழுதிட்டா கடன் 16.2 லட்சத்தோட நின்னுடும், உங்க பங்கு பத்திரச் செலவோட 5.8 லட்சமாயிடும். அட்வான்ஸ் கொடுத்தபிறகு பலர் மாட்டுறது இங்கதான்.

சம்பளமும் இடிக்கும். கையில வர்றது 30,000, பைக் தவணை 4,000னு வைங்க. மொத்தத் தவணை பாதிச் சம்பளத்தைத் தாண்டக்கூடாதுன்னு பேங்க் பார்த்தா மிச்சம் 11,000. எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு மாசம் 868 ரூபாய். கடன் பன்னிரண்டரை லட்சம் சொச்சம்தான். பைக் கடனை முடிச்சிட்டுப் போனா 17 லட்சம் தாண்டும்.

வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டுல இடம் வயலா, புரயிடமான்னும் (வீடு கட்டுற மேட்டு நிலம்) முதல்ல பாருங்க. வயல்னா, அதை வீட்டு இடமா மாத்தத் தடை போடுற கேரளாவோட 2008 நெல்வயல் சட்டம் குறுக்கே வரும், லோனும் நின்னுடும். கடன் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்பணும்னு அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க.