ஆடிட் வரும் நாளில் மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும்

என் சித்தி பதினாறு வருடமாகத் திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். 'பையர் ஆடிட்', அதாவது துணி வாங்கும் பிராண்டுக்காகத் தொழிற்சாலையைச் சோதிக்க ஆள் வருவது, அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். கழிப்பறையில் சோப்பு வைப்பார்கள், காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டி நிறைந்துவிடும். காலையில் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்து, ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். "ஏதாச்சும் பிரச்சினை இருக்கா?" என்று ஆடிட்டர் கேட்கும்போது சூப்பர்வைசர் நாலடி தள்ளி நின்றிருப்பார். எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கிருந்த கம்பெனிகளிலும் ஆடிட் நடந்துதான் இருந்தது. முதல் நாள் சுவரில் விரிசல் கண்டதும் அதே கட்டடத்தில் இருந்த வங்கி மூடப்பட்டது. தையல்காரர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள்.

நான் சொல்ல வந்தது நம் திண்டுக்கல் கதை. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். அதன்பிறகு உடன் வேலை பார்த்த பெண்கள் பலர் தங்களுக்கு நடந்த பாலியல் தொந்தரவுகளை ஒவ்வொன்றாக வெளியே சொன்னார்கள். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விஷயத்தை விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகளோடு சேர்ந்துகொண்டு, துணி வாங்கும் பெரிய பிராண்டுகளின் வாசலுக்கே கொண்டுபோனது. 2022-இல் இந்தத் தொந்தரவுகளைத் தடுக்க, சங்கமும் கம்பெனியும் பிராண்டுகளும் சேர்ந்து போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிராண்டுகளில் எச் அண்ட் எம் முதலில் வந்தது, பிறகு கேப், பிவிஎச். கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அந்த வருடம் ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தத் தொழிற்சாலையின் சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பரில் தடையை எடுத்தபோது இந்த ஒப்பந்தத்தையும் காரணமாகச் சொன்னது.

இதில் என்னை அசைத்த இடம் ஒன்று உண்டு. லைனில் உட்கார்ந்து தைக்கும் பெண்களையே பயிற்சி கொடுத்து, தொந்தரவுகளைக் கவனித்துச் சொல்லும் கண்காணிகளாக்கினார்கள். ஆடிட்டர் வருடத்தில் ஒரு நாள் வருகிறவர். பக்கத்து மெஷின்காரி தினமும் பார்க்கிறாள். யார் கை எங்கே போகிறது, டார்கெட் முடியவில்லை என்று யாரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தவளுக்குச் சொல்லும் அதிகாரமும், சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதியும் கிடைக்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

மனித உரிமை என்றால் எங்கோ ஜெனீவாவில் பேசுகிற விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்க வந்த 2013 சட்டம் சொல்கிறது. தலைமையில் ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு யார் யார் என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். உங்கள் அலுவலகத்தில், உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில், துணி எடுக்கும் கடையில் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சாக்குச் சொல்வார்கள், பத்துப் பேர் கேட்டால் ஒட்டுவார்கள்.

போன வாரம் சித்தியிடம் திண்டுக்கல் கதையைச் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "எழுதிக் குடுத்த புள்ளைய வேலைய உட்டுத் தூக்கீர மாட்டாங்களா கண்ணு?" என்றார். தூக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க கம்பெனில அந்தக் குழுவுல யாரு இருக்காங்கன்னு எப்படிக் கேக்கறது, ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கிறேன்.