யோசேப்புக்கு அப்பா யார்?

(பாளையங்கோட்டை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடை. பெஞ்சுக்குப் பின்னால் சுவரெல்லாம், கைநாட்டு வைத்தவர்கள் துடைத்துவிட்டுப் போன நீலப் பெருவிரல். தம்பியின் சட்டைப் பையில் செல்போன், கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது.)

அண்ணாச்சி: மூலப்பத்திரம் எங்கே தம்பி?

தம்பி: மூலம் இல்லை அண்ணாச்சி. நகல்தான்.

அண்ணாச்சி: நகலாவது உருப்படியாக ஒன்று இருக்கிறதா?

தம்பி: 5,000-க்கு மேல் இருக்கிறது.

அண்ணாச்சி: எதற்கு, ஊர் முழுக்க ஒட்டவா? ஜெராக்ஸ் கடைக்காரன் உன் படத்தை மாட்டியிருப்பானே.

தம்பி: ஜெராக்ஸ் இல்லை. எல்லாம் கையால் பார்த்து எழுதியது.

அண்ணாச்சி: கையால் எழுதினால் கை தவறும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா?

தம்பி: பெரும்பாலும் எழுத்துப்பிழைதான். ஓர் இடத்தில் மட்டும், இருப்பதிலேயே பழைய நகல் இரண்டில் கடைசி 12 வச... 12 வரி இல்லை. பிந்தி வந்ததில் இருக்கிறது.

அண்ணாச்சி: போச்சு. செக்குபந்தியே கடைசியில்தானே வரும்! வடக்கே யார், கிழக்கே என்ன என்று தெரியாமல் எதை அளப்பது? அந்த 12 வரியில் அப்படி என்ன எழுதியிருக்கிறது?

தம்பி: பாம்பைக் கையில் எடுப்பார்கள், விஷத்தையே குடித்தாலும் சேதம் வராது...

அண்ணாச்சி: கிரயப் பத்திரத்திலா? இப்படி ஒரு ஷரத்தை நான் எழுதினதே இல்லை. இடத்தில் பாம்பு கிடக்கிறதா?

தம்பி: தோட்டத்தில் ஒன்று இருந்தது. அது ஆரம்பத்திலேயே வந்துவிடும்.

அண்ணாச்சி: வாங்குகிறவனிடம் சொல்லிவிட்டாயா?

தம்பி: உலகத்துக்கே தெரியும் அண்ணாச்சி.

அண்ணாச்சி: சரி, சாட்சி?

தம்பி: நாலு பேர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

அண்ணாச்சி: எல்லாம் நம் சபை ஆளாகவே இருக்கிறதே. மாற்கு என்றால் தண்ணீர் லாரி மாற்கா? அவன் கையெழுத்து மாசத்துக்கு ஒரு விதமாக இருக்கும், ஜாக்கிரதை.

தம்பி: இது வேறு மாற்கு.

அண்ணாச்சி: நாலு பேரும் நேரில் பார்த்தவர்களா?

தம்பி: லூக்கா பார்க்கவில்லை. கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதை விசாரித்து எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

அண்ணாச்சி: நல்ல மனுஷன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொன்ன சாட்சியை நான் இந்த வாசலில் கண்டதே இல்லை. வாரிசு வரிசைக்கு வா.

தம்பி: யோசேப்பு...

அண்ணாச்சி: அப்பா பெயர்?

தம்பி: மத்தேயு தந்த விவரப்படி யாக்கோபு. லூக்கா தந்ததில் ஏலி.

அண்ணாச்சி: ஓர் ஆளுக்கு இரண்டு அப்பாவா? தாசில்தார் மனுவை உன் முகத்திலேயே எறிவார்.

தம்பி: ஒன்று அம்மா வழி என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

அண்ணாச்சி: அம்மா வழி என்றால் அம்மா பெயர் எழுதியிருக்க வேண்டுமே? எங்கே இருக்கிறது?

தம்பி: எழுதவில்லை. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி: தாசில்தார் எடுத்துக்கொள்ள மாட்டார். (திடீரென்று பேனாவை வைக்கிறார்.) யோசேப்பு... ஏலி... ஏலே, லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் வரும் இயேசுவின் வம்ச வரிசையையா என்னிடம் வில்லங்கம் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறாய்?

தம்பி: கோபப்படாதீர்கள் அண்ணாச்சி. வேதம் என்று முதலிலேயே சொன்னால் பக்தியாகப் பேசிவிடுவீர்கள். எனக்குத் தொழில்காரர் கருத்து வேண்டும். வாலிபர் கூட்டத்துக்கு ஒரு வீடியோ. 'வேதம் நூற்றுக்கு நூறு உண்மை, பத்திர எழுத்தரே ஒப்புக்கொண்டார்!'

அண்ணாச்சி: நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? தாசில்தார் ஆபீஸிலேயே நிற்கிறோமே.

தம்பி: சட்டமே நம் பக்கம்தான். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப், 1846-லேயே நாலு சுவிசேஷத்தையும் கோர்ட் முறைப்படி நிறுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். பழைய ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால் உண்மை என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளுமாம்.

அண்ணாச்சி: நம் ஊர்ச் சட்டத்திலும் அது இருக்கிறது. 30 வருடம் தாண்டிய பத்திரம் உரிய ஆளிடமிருந்து வந்தால், கையெழுத்து அவருடையதுதான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். 'லாம்'. எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. அதுவும் மூலத்துக்குத்தான், நகலுக்கு இல்லை. அப்புறம் இன்னொன்று. கையெழுத்து நிஜம் என்பது வேறு, உள்ளே எழுதியது நிஜம் என்பது வேறு. 40 லட்ச ரூபாய் வீட்டை 9 லட்சம் என்று எழுதிய பத்திரம் இந்தத் தெருவில் எத்தனை வேண்டும்? கையெழுத்து அத்தனையும் அசல்.

தம்பி: எழுதிக்கொடுத்தது நீங்கள்தானே?

அண்ணாச்சி: அதை வீடியோவில் வெட்டிவிடு.

தம்பி: சரி, சட்டத்தை விடுவோம். நாசா! யோசுவா பத்தாம் அதிகாரத்தில் சூரியன் நின்றதே, அந்த ஒரு நாள் குறைவதை நாசா கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிட்டது.

(இந்தச் செய்தி எல்லாச் சபை வாட்ஸ்அப் குழுவிலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது வரும். ஒவ்வொரு தடவையும் கீழே வரிசையாக 'ஆமென்' விழும்.)

அண்ணாச்சி: நாசா எந்த வருடம் ஆரம்பித்தது?

தம்பி: (செல்போனைத் தடவி) 1958.

அண்ணாச்சி: இதே தொலைந்த நாள் கணக்கை 1890-ல் அமெரிக்காவில் ஒருவர் புத்தகமாகவே போட்டிருக்கிறார். பிறக்காத பிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போட்டதா?

தம்பி: நாசாவே சொல்லியிருக்கிறது என்று...

அண்ணாச்சி: நாசா எப்போதோ தண்ணீர் வரவழைத்துக் கைகழுவிவிட்டது. சரி, ஒரு நாள் குறைகிறது என்றால் முதலில் மொத்தம் எத்தனை நாள் இருந்தது? அந்த மூலக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

தம்பி: நாசாவிடம்.

அண்ணாச்சி: நாளைக்குப் பத்தரை மணிக்கு டோக்கன் போடுகிறேன், நாசாவை ஆதார் கார்டோடு வரச் சொல்லு.

தம்பி: கேலி செய்யாதீர்கள். வாஷிங்டனில் வேதாகம அருங்காட்சியகமே இருக்கிறது. சவக்கடல் சுருள், அதுதான் சவக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய வேதப் பிரதி, அதன் துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி: வைத்திருந்தார்கள். மொத்தம் 16 துண்டு. 2018-ல் ஐந்து போலி என்றார்கள். 2020-ல் பதினாறும் போலி என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். பழைய தோல், புது மை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பெஞ்சில் ஒருத்தன் 1970-ஆம் வருடத்து முத்திரைத்தாளில் பாகப்பிரிவினை கொண்டுவந்தான். தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்திருக்கிறான், வாசனை கூடப் போகவில்லை. நான் கிழிந்த ஓரத்தைத்தான் பார்ப்பேன். எழுதின பிறகு தாள் கிழிந்தால் எழுத்து பாதியில் வெட்டுப்படும். கிழிந்த தாளில் எழுதினால் மை ஓரத்தில் வழிந்து இறங்கும். அந்தத் துண்டுகளிலும் அதே கதைதான்.

தம்பி: அப்படியானால் சவக்கடல் சுருளே பொய்யா?

அண்ணாச்சி: யார் சொன்னது? அது வேறு, இது வேறு. 1947-ல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா எருசலேமில் பத்திரமாக இருக்கிறது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் உண்டு. அதற்கு முன்னால் கையில் இருந்த எபிரேய நகல்களைவிட 1,000 வருடம் பழசு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து மாறியிருக்கிறது, அங்கங்கே சொல்லும் மாறியிருக்கிறது. ஆனால் ஏசாயா ஏசாயாவாகத்தான் இருக்கிறார். 1,000 வருடம் நகல் எடுத்த கைகளை நான் கும்பிடுவேன். என் கடைப் பையன் போன வாரம் அடித்த நகலில் வடக்கும் தெற்கும் இடம் மாறிக் கிடக்கிறது.

தம்பி: (செல்போனை நேராக்கி) ஆக, வேதம் உண்மை!

அண்ணாச்சி: நகல் எடுத்தவன் யோக்கியன் என்றேன்.

தம்பி: இரண்டும் ஒன்றுதானே?

அண்ணாச்சி: நாசாவைக் கேள்.

தம்பி: நீங்கள் முரண்பாடு தேடுகிற ஆள் என்று தெரியாமல் போச்சு. அடுத்து, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்பீர்கள்? மத்தேயுவில் நான்றுகொண்டான். அப்போஸ்தலரில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான். பதில் என்னிடம் இருக்கிறது. நான்றுகொண்டான், கயிறு அறுந்தது, விழுந்தான், வெடித்தது.

அண்ணாச்சி: கயிறு அறுந்தது எந்த வசனம்?

தம்பி: வசனம் இல்லை. நாம் சொல்வதுதான்.

அண்ணாச்சி: அதாவது நீ இடைச்செருகல் போடுகிறாய். போகட்டும், அவன் எப்படிச் செத்தான் என்பது போலீஸ் விஷயம். என் கேள்வி வேறு. அந்த இரத்தநிலம் கிரயம் யார் பெயரில்?

தம்பி: அது...

அண்ணாச்சி: மத்தேயுவில் பிரதான ஆசாரியர்கள், காட்டிக்கொடுத்ததற்குக் கூலியான அந்த முப்பது வெள்ளிக்காசில் வாங்குகிறார்கள். அப்போஸ்தலரில் யூதாஸே வாங்குகிறான். ஒரே நிலம், இரண்டு கிரயதாரர். இத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒருத்தராவது இதைக் கேட்டாரா? எல்லோருக்கும் வயிறு வெடித்ததுதான் முக்கியம்.

தம்பி: அப்படியென்றால் உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா அண்ணாச்சி?

அண்ணாச்சி: எனக்கா? ஞாயிற்றுக்கிழமை நீ கண்ணைத் தேய்த்துக்கொண்டு வரும்போது மூன்றாவது பெஞ்சில் இருப்பது யார்? 23-ஆம் சங்கீதம் வாசிக்கும்போது புல்வெளி யார் பட்டா என்று நான் கேட்டதில்லை. இந்த வாசலில் போலிப் பத்திரம் தூக்கிக்கொண்டு வருகிறவன் யார் தெரியுமா? இடம் தன்னுடையதுதானா என்று தனக்கே உறுதி இல்லாதவன். உறுதியாக இருக்கிறவன் கையில் இருக்கிறதைக் கொண்டுவருவான், ஓட்டை இருந்தால் ஓட்டையோடு. நாசாவைத் தேடிப் போக மாட்டான்.

தம்பி: அது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீடியோவுக்கு நூற்றுக்கு நூறு வேண்டும். ஒரு வரியாவது, சந்தேகமே இல்லாமல் உண்மை என்று சொல்லுங்கள்.

அண்ணாச்சி: ஒரு வரி போதுமா? கேமராவைச் சரியாகப் பிடி. உபாகமம் 19:14. முன்னோர்கள் குறித்த எல்லைக்குறியை ஒற்றிப்போடக் கூடாது.

தம்பி: ...

அண்ணாச்சி: நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் போன மாசம் உன் அத்தை உட்கார்ந்து அழுதாள். அவள் பங்குக்கும் உங்கள் பங்குக்கும் நடுவே இருந்த சர்வே கல் எட்டடி கிழக்கே போயிருக்கிறதாம். நாசா வந்து நகர்த்தியதா?

தம்பி: அது அப்பா விஷயம் அண்ணாச்சி. மழையில் கல் சாய்ந்துவிட்டது.

அண்ணாச்சி: எட்டடியா? நோவா காலத்து மழையோ?

தம்பி: அதுவும் போக, உபாகமம் பழைய ஏற்பாடு. அதெல்லாம் நியாயப்பிரமாணம். நாம் இப்போது கிருபையின் கீழ் இருக்கிறோம்.

அண்ணாச்சி: சூரியன் நின்றதும் பழைய ஏற்பாடுதான்.

(தம்பி செல்போனை அணைக்கப் பார்க்கிறான். அவசரத்தில் முன்பக்கக் கேமரா திறந்து, அவன் முகமே திரை நிறையத் தெரிகிறது.)

அண்ணாச்சி: எங்கே கிளம்பிவிட்டாய்? உட்கார். அளந்து கல் நாட்டச் சொல்லி சர்வேயருக்கு ஒரு மனு எழுதுவோம். அத்தைக்கு என்பதால் எழுத்துக் கூலி வேண்டாம். சர்வே நம்பர் எனக்கே தெரியும். உன் அப்பா பெயரை மட்டும் சொல்லு, ஒன்று போதும்.