பிரன்சனை டல்லாஸ் இழந்தது சம்பள வரம்பாலா?

"சம்பள வரம்பைத் தாண்டிவிட்டதால்தான் 2022-இல் டல்லாஸ் மேவரிக்ஸால் கூடைப்பந்து வீரர் ஜேலன் பிரன்சனைத் தக்கவைக்க முடியவில்லை" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான உச்சம்தான் சம்பள வரம்பு. அது தவறு. மூன்று பருவம் தன்னிடம் ஆடியவரை, வரம்பைத் தாண்டியும் ஓர் என்பிஏ அணி மறுபடி ஒப்பந்தம் செய்யலாம்; முன்னாள் வீரர் லாரி பேர்ட் பெயரில் வழங்கும் விதிவிலக்கு இது. பிரன்சன் அங்கே நான்கு பருவம் ஆடியவர். சம்பளச் செலவு ஒரு மட்டத்தைத் தாண்டினால் அணி கட்டும் ஆடம்பர வரி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

வரம்பு உண்மையில் நெருக்கியது அவரைச் சேர்த்துக்கொண்ட நியூயார்க் நிக்ஸ் அணியைத்தான். அவருக்கு நான்கு ஆண்டுக்கு சுமார் 10.4 கோடி டாலர் தர, கெம்பா வாக்கர், அலெக் பர்க்ஸ், நெர்லன்ஸ் நோயல் ஆகிய வீரர்கள் மூவரையும் டெட்ராய்ட் அணிக்கு அனுப்பி இடம் பிடித்தார்கள். டல்லாஸுக்கோ அவர் போன பிறகும் வரம்புக்குள் இடமில்லை. அந்த விதிவிலக்கு சொந்த வீரருக்குத்தான் என்பதால், அதே பணத்தை வெளியாள் ஒருவருக்குக் கொடுக்க வழியே இல்லை. அதனால்தான் அந்த இழப்பு அவ்வளவு வலித்தது.