முப்பது வயதுக்காரனுக்கு எதற்குப் பள்ளிச் சீருடை?

நேற்றிரவு மருமகன் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரியான பகிடி மாமா, வந்து பாருங்கோ" என்றான். அரை மணித்தியாலம்தான் இருந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

படத்தின் நாயகன் பள்ளிக்கூடப் பெடியனாம். முகத்தைப் பார்த்தால் பெண்ணும் பிள்ளையும் உள்ள ஆள்! வாயைத் திறந்தால் இரட்டை அர்த்தம். ரீச்சர் வகுப்புக்குள் வந்தால், முகத்துக்கு முதல் கமெரா அவவின் இடுப்பைக் காட்டுகிறது. அது 16 வயதுப் பெடியனின் கண்ணா? அந்த வயதில் பார்க்கவே பயமாக இருக்கும், பார்த்துவிட்டால் பிடிபட்டுவிடுவோமோ என்று இன்னும் பயமாக இருக்கும்.

ஆபாசமாகக் கதைக்கிறார்கள் என்பதல்ல என் கோபம். பெடியள் அப்படித்தான் கதைப்பார்கள், நாங்களும் கதைத்தோம். கிளிநொச்சியில் ரியூசன் முடிய மதகடியில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு, இருட்டும்வரை அதே கதைதான். இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "இதை வீட்டில வாசியுங்கோ" என்று சேர் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகு எங்களுக்கு யார் சொல்லித்தருவது? அண்ணன் வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தன்தான் எங்கள் வாத்தியார். அவன் சொன்னது எல்லாமே பிழை. எல்லாவற்றையும் நம்பினோம். ஒரு மாதமாக ஒருத்தியைப் பற்றி வாய் கிழியக் கதைத்தவனிடம் அவளே வந்து, "கணக்குக் கொப்பியை ஒருக்காத் தாறீங்களா?" என்று கேட்டாள். சைக்கிளோடு வேலிக்குள் விழுந்தான். அந்த இடத்தில்தானே சிரிப்பு இருக்கிறது! ஒன்றும் தெரியாதவன் எல்லாம் தெரிந்தவன்போல நிற்கிறான் பாருங்கள், அதை எடுக்காமல் வேறு எதை எடுக்கிறீர்கள்?

'சூப்பர்பேட்' என்ற அமெரிக்கப் பகிடிப் படம் 2007இல் வந்தது. அதில் இல்லாத கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் சேத் ரோகனும் இவான் கோல்ட்பேர்க்கும் அதை எழுதத் தொடங்கியபோது அவர்களுக்கு வயது 13. நாயகர்கள் இருவருக்கும் தங்கள் பெயரையே வைத்தார்கள். போலி அடையாள அட்டையோடு திரிகிறவனாக நடித்த பெடியனுக்கு அப்போது உண்மையிலேயே 17தான். படுக்கையறைக் காட்சி எடுக்கும்போது அவனுடைய தாய் அங்கே இருக்கவேண்டியிருந்ததாம். அதனால்தான் அந்தக் கூச்சம் நடிப்பாகத் தெரியவில்லை. அப்புறம், படம் முழுக்கச் சாராயம், பெட்டையள் என்று அலைந்தாலும், அடியில் ஓடுவது வேறு. இரண்டு சிநேகிதரும் வெவ்வேறு கல்லூரிக்குப் பிரியப்போகிறார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் தூஷணம் வருகிறது.

வன்னியில் எந்தப் பெடியனுக்கு இது விளங்காது? ஏ.எல். சோதனை முடிய எங்களில் ஒருவன் ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு பிரான்சுக்குப் போனான். போவதற்கு முதல்நாள் இரவும் மதகடியில் அதே ஊத்தைப் பகிடிதான். பத்து மணிவரை சிரித்தோம். "கவனமாப் போடா" என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை.

அதை எடுங்கோவன். ரீச்சரின் இடுப்பை விட்டுவிட்டு அந்த மதகடியில் வந்து இருங்கோ.