பத்தே நிமிடம்

அனுபவசாலி: வார்ஹாமர் மேசைப்போர் ஆட்டத்தின் குட்டிப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் பூசுவதா? சுலபம் தம்பி. பத்தே நிமிட வேலை.

புதுசு: அப்படியென்றால் பத்து சிப்பாய்க்கு நூறு நிமிடம். நாளை ஆட்டத்துக்குள் முடித்துவிடலாம் அண்ணே.

அனுபவசாலி: சிப்பாய்க்கு என்று யார் சொன்னது? கண்ணுக்கு.

புதுசு: ரெண்டு கண்ணுக்குமா?

அனுபவசாலி: ஒரு கண்ணுக்கு. முதலில் கறுப்பு, அதன்மேல் அடர்சிவப்பு, ஒரு மூலையில் ஆரஞ்சு, எதிர்மூலையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை, அச்சில் வார்த்தபோது விழுந்த கோடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை...

புதுசு: ஆளே சுண்டுவிரல் உயரம். ஹெல்மெட் வேறு போட்டிருக்கிறான்.

அனுபவசாலி: ஹெல்மெட்டுக்கும் கண் உண்டு. ஆமாம், இதென்ன மேசையில்? அதற்குள் பூசிவிட்டாயா?

புதுசு: காலையில் தூறல் விட்ட நேரம் பார்த்து வெளியே வைத்துக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன், ஈரக்காற்றில் அடித்தால் மணல் மணலாக உட்காருமாமே. அப்புறம் பழைய மேக்கப் பிரஷில் வெள்ளையைத் தொட்டு, பிரஷில் ஒன்றுமே இல்லை என்கிற வரைக்கும் பேப்பரில் துடைத்துவிட்டு மேலிருந்து தடவினேன். மேடெல்லாம் வெளுத்தது, பள்ளமெல்லாம் கறுப்பாகவே நின்றது. அதன்மேல் பச்சை கான்ட்ராஸ்ட் பெயிண்ட் ஒரே கை, பள்ளத்தில் போய்த் தேங்கி நிழலை அதுவே போட்டுக்கொண்டது. துப்பாக்கிக்கு வெள்ளி நிறமும், அதன்மேல் கறுப்பு வாஷும், அதாவது பள்ளத்தில் இறங்கும் நீர்த்த பெயிண்டும். காலடித் தட்டில் பசை தடவி மணலில் ஒரு அழுத்து. அவ்வளவுதான்.

அனுபவசாலி: கான்ட்ராஸ்டா! அது 2019இல் வந்த குறுக்குவழி. வார்ஹாமர் 40,000 வந்தது 1987இல்.

புதுசு: முப்பத்திரண்டு வருடம் உங்களை மாதிரி ஆட்களைப் பார்த்து நொந்துபோய்த்தான் அந்த ஆட்டத்தை விற்கிற கம்பெனியே இந்த டப்பாவை இறக்கியிருக்கும்.

அனுபவசாலி: இரு, போனில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பார், முழங்காலில் பிசிறு.

புதுசு: எதிரி போனில் பெரிதாக்கிப் பார்த்தா சுடப் போகிறான்? மேசைக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி நிற்கிறான் அண்ணே.

அனுபவசாலி: முழங்காலை விடு. கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை...

புதுசு: ஆட்டத்தில் மொத்தம் நூறு புள்ளியில், படை முழுக்கப் பூசியிருந்தால் பத்து. கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்தால் பதினொன்றா?

அனுபவசாலி: புள்ளிக்காகவா பூசுகிறோம்? இது கலை.

புதுசு: கலைதான், யார் இல்லை என்றது? போட்டிக்கு வைக்கிற ஒற்றைப் பொம்மைக்கு ஒரு மாதம் உட்காருங்கள், நானே வந்து கைதட்டுகிறேன். ஆனால் "வேகமான, எளிய முறை" என்று தலைப்பு வைத்து நாற்பது நிமிட வீடியோ போட்டு, பாதியில் காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷை எடுத்து நீட்டுகிறார்கள் பாருங்கள், அவர்களை என்ன செய்வது? அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் பெட்டியை மூடிப் பரணில் போட்டிருப்பார்கள்! சரி, நாளை உங்கள் படை வருகிறதா?

அனுபவசாலி: வரும்.

புதுசு: என்ன நிறம்?

அனுபவசாலி: சாம்பல்.

புதுசு: பூசிய சாம்பலா, பிளாஸ்டிக் சாம்பலா?

அனுபவசாலி: ...இடிந்த நகரத்துச் சண்டைக்குச் சாம்பல்தான் பொருத்தம்.

புதுசு: ஸ்ப்ரே பாதி மிச்சம் இருக்கிறது, மழையும் இல்லை. கொண்டு வாருங்கள், இப்போதே அடித்துத் தருகிறேன்.

அனுபவசாலி: அவசரப்படாதே. எந்தக் கறுப்பு?