சோவியத் கணினிகள் அனைத்தும் ஐபிஎம் நகல்களா?

சோவியத் ஒன்றியம் சொந்தமாகக் கணினி எதையும் வடிவமைக்கவில்லை, அமெரிக்க நிறுவனமான ஐபிஎம்மின் இயந்திரங்களை நகலெடுத்ததோடு சரி என்று இந்த இணைய உரையாடல் திரியில் சொல்லப்பட்டு, பலராலும் பகிரப்பட்டிருக்கிறது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எளிதில் நம்பப்படுகிறது. 1960களின் இறுதியில் ஐபிஎம் 360 வரிசையைப் பின்பற்றுவது என்று முடிவெடுத்து, 1970களில் 'இஎஸ்' வரிசைக் கணினிகளை அந்நாடு கூட்டாளி நாடுகளுடன் சேர்ந்து தயாரித்தது மெய்தான். ஆயினும் அதற்கு முந்தைய வரலாறு வேறு.

சோவியத் கணினி வடிவமைப்பாளர் செர்கேய் லெபெதெவின் குழுவினர் கீவ் அருகே உருவாக்கிய 'மெஸ்ம்' என்ற கணினி 1951இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஐபிஎம் 360 அறிவிக்கப்பட்டதோ 1964 ஏப்ரலில். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1958இல் இயங்கிய 'செதூன்' கணினி, இரண்டு இலக்கங்கள் கொண்ட இரும எண்களை விட்டு, மூன்று இலக்கங்கள் கொண்ட மும்ம எண்முறையில் கணக்கிட்டது. அதை எந்த ஐபிஎம் இயந்திரத்தின் நகல் என்று சொல்வது?

சரிபார்க்க விரும்புவோர் 'பெஸ்ம்-6' என்ற சோவியத் கணினியின் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் சொல் நீளம், அதாவது ஒரே அலகாகக் கையாளும் தரவின் அளவு, 48 பிட்; ஐபிஎம் 360இல் 32 பிட். இவ்விரண்டின் கட்டளைத் தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். பெஸ்ம்-6ஐப் போலவே செயல்படும் எமுலேட்டர் மென்பொருள் திறமூலமாகவே கிடைப்பதால், ஐயமுள்ளவர்கள் தம் கணினியிலேயே அதை இயக்கிப் பார்க்கவும் இயலும். பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் கணினிச் சங்கம் வழங்கும் கணினி முன்னோடி விருதுப் பட்டியலிலும் லெபெதெவின் பெயர் உள்ளது.